மருந்துள்ள வியாதியைக் கொடு முருகா

போன வருஷம் ஆடியில் ஆரம்பித்து தை முடிகிற வரைக்கும் நான் ஒரு வாய் சோறு ஒழுங்காக விழுங்கவில்லை. பசி இல்லாமல் இல்லை. பசி என்னைக் கொன்றது. வாயில் போட்டு மென்றால் ருசி தெரியும். விழுங்கினால் நடுமார்பில் ஓர் இடத்துக்குப் போய் அப்படியே நின்றுவிடும். கீழேயும் போகாது, மேலேயும் வராது. கண்ணில் நீர் கொட்டும். இப்படியே செத்துப்போவேன் என்றுதான் நினைத்தேன். இன்று சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பஜனை முடிந்ததும் "நீங்க சொல்லுங்க பூங்கொடி" என்று மூன்று வாரமாக மைக்கை என் பக்கம் நீட்டுகிறீர்கள். நான் பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். என்னைப் பார்த்து நீங்கள் அழ, பிரசாதம் ஆறிப்போகும். அதனால் எழுதித் தருகிறேன். இதில் முருகன் பெருமையும் இருக்கிறது, என்னுடைய பித்தலாட்டமும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அடைத்தது ஒரு தோசைத் துண்டு. கலிபோர்னியா டப்ளினில் எங்கள் வீட்டில், ஒரு சனிக்கிழமை காலை. நானே சுட்ட தோசை, வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. தண்ணீர் குடித்தேன், தண்ணீரும் நின்றது. கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிட்டது. அவசரமாகச் சாப்பிட்டிருப்பேன் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சப்பாத்தி அடைத்தது. அப்புறம் சோறு. அப்புறம் சாம்பாரில் ஊறிய இட்லி. ஆவணி முடிவதற்குள் கஞ்சியும் மோரும்தான் என்று ஆகிவிட்டது. அதையும் ஒரு டம்ளர் குடிக்க அரைமணி நேரம்.

யாரிடமும் சொல்லவில்லை. என் பெரியம்மாவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. சாப்பாடு இறங்கவில்லை என்றார், உணவுக்குழாயில் புற்றுநோய் என்றார்கள், மூன்றே மாதத்தில் போய்ச் சேர்ந்தார். டாக்டர் வாயிலிருந்து அந்தப் பெயர் வராத வரைக்கும் அந்த வியாதி எனக்கு இல்லை என்று வைத்துக்கொண்டேன். நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். என் விஷயத்தில் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

பொய் தானாகத்தான் வந்தது. மீனா ஆன்ட்டி வீட்டில் ஒரு விருந்து. இலை போட்டு உட்காரச் சொன்னார். என்ன செய்வதென்று தெரியாமல், "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி, விரதம்" என்றேன். அவ்வளவுதான், ஒருவரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. நம் ஆட்களிடம் வயிறு சரியில்லை என்று சொன்னால் பத்து வைத்தியம் சொல்வார்கள். விரதம் என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கு இது ரொம்ப வசதியாகப் போயிற்று. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, சஷ்டி என்று வளர்ந்தது. திங்களுக்கு சிவபெருமான் கைகொடுத்தார், புதனுக்கும் சனிக்கும் பெருமாள், வியாழனுக்கு குரு. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி, அதற்கும் சூரிய பகவானைப் பிடித்துவிட்டேன்.

என் உடம்பு இளைத்தது. ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. "பூங்கொடி முகத்துல ஒரு தேஜஸ் வந்திருக்கு பாருங்க" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்களில் இரண்டு பேர் என் காலில் விழக்கூட வந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. சாகப்போகிறோமோ என்று ஒரு பக்கம் நடுக்கம், பெரிய பக்தை என்ற பெயர் ஒரு பக்கம். இரண்டையும் ஒரே புடவைக்குள் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் ஏக்கம் இருக்கிறதே, அதை எதில் சுற்றி மறைப்பது? மத்தியானம் ஆபீஸில் எல்லாரும் சாப்பிடப் போகும்போது நான் கார் பார்க்கிங்குக்குப் போய், காருக்குள் உட்கார்ந்து சமையல் வீடியோ பார்ப்பேன். யாரோ ஒருவர் வெண்டைக்காய் வதக்குவார். வதங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு பிடி தயிர்சோறு பிசைந்து, மாவடு வைத்து, வாயில் போட்டு நன்றாக மென்று, உப்பும் புளிப்பும் நாக்கில் இருக்கிற வரைக்கும் வைத்திருந்து, பிறகு சிங்கில் துப்புவேன். குழாயைத் திறந்துவிடுவேன். பிச்சைக்காரி கூட அப்படிச் செய்திருக்க மாட்டாள்.

எங்களுக்கு ஒரே பெண், யாழினி. பதினொரு வயது. இங்கேயே பிறந்தவள். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு அவள் வாயையே பார்ப்பேன்.

"எப்படி இருக்கு கண்ணு?"

"குட்."

"குட்னா? புளிப்பு தூக்கலா இருக்குதா? பூண்டு வாசம் வருதா?"

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் ரசம்."

அவளுக்கு அது வெறும் ரசம். நான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பார்வையை முருகன்தான் அறிவான்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும் என்று நீங்கள் இருந்தீர்கள். நான் பாலையும் பாதியில் வைத்தேன். ஏழாம் நாள் திருக்கல்யாணம். விரதம் இருந்தவர்களையெல்லாம் முன்வரிசையில் உட்காரவைத்து, குருக்களே ஒவ்வொருவர் கையிலும் சர்க்கரைப் பொங்கல் உருண்டை வைத்துக்கொண்டு வந்தார். அதிலும் எனக்கு முதல் மரியாதை. ஊரே பார்க்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடியாது. விரதம் என்றும் சொல்ல முடியாது, விரதம்தான் முடிந்துவிட்டதே. என் பொய்யே என்னைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்காரவைத்துவிட்டது.

வாயில் போட்டேன். நெய் மணம், ஏலக்காய், வெல்லம். அத்தனை நாள் கழித்து ஓர் இனிப்பு. துப்ப மனசு வரவில்லை. பிரசாதம் வேறு. முருகா முருகா என்று சொல்லி விழுங்கினேன். வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தது. மூச்சு முட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன். சாமி பிரசாதத்தை அங்கே வாந்தி எடுத்தேன். அன்று நான் பட்ட குற்ற உணர்ச்சியை இன்றைக்கும் எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நிமிர்ந்து பார்த்தால் யாழினி நிற்கிறாள். பட்டுப்பாவாடையோடு, கதவைப் பிடித்துக்கொண்டு.

"அம்மா, யூ ஆர் நாட் ஃபாஸ்டிங். யூ கான்ட் ஈட்."

சிங்கில் மென்று துப்பிய சோற்றை எப்போதோ பார்த்திருக்கிறாள். ஒரு மாதமாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கேட்டால் நான் இன்னும் பெரிய பொய்யாகச் சொல்வேன் என்று பயந்து கேட்காமலே இருந்திருக்கிறாள். பதினொரு வயதுக் குழந்தைக்கு இந்தச் சுமையைக் கொடுத்திருக்கிறேன் பாருங்கள்.

காரில் ஏறியதும் அவளே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் தங்கவேல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்னைத் திட்டவில்லை.

"எங்கிட்டயுமா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"பயமா இருந்துச்சுங்க மாமா."

"எனக்குந்தான் பயம். ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமல்ல?"

வீட்டுக்கு வந்ததும் யாழினி என்னை பூஜை அலமாரி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். விபூதித் தட்டைத் தொடச் சொன்னாள். "நோ மோர் லைஸ். ப்ராமிஸ்" என்றாள். தொட்டுச் சத்தியம் செய்தேன். நான் அவளைச் சமாதானப்படுத்தச் செய்த சத்தியம் அது. அந்தச் சத்தியம்தான் என் உயிரைக் காப்பாற்றப்போகிறது என்று அப்போது தெரியாது.

ஸ்பெஷலிஸ்ட் டாக்டரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தங்கவேல் தினமும் காலையில் எட்டு மணிக்கு போன் போட்டு, யாராவது அப்பாயின்ட்மென்டை கேன்சல் பண்ணியிருக்கிறார்களா என்று கேட்பார். எடுக்கிற பெண்ணுக்கு இவர் குரல் பழகிப்போய், ஒரு நாள் அவளே, "மிஸ்டர் தங்கா, திங்கட்கிழமை வாருங்கள்" என்று கூப்பிட்டாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் நடுவில் பெரிய புண், விளிம்பெல்லாம் தடித்து, வழி சுருங்கிக் கிடந்தது. ஸ்கேனில் பக்கத்திலேயே நெறிக்கட்டிகள் வீங்கித் தெரிந்தன. டாக்டர் குஜராத்திப் பெண், நல்ல மனுஷி. படத்தைக் காட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே பேசினார். பார்ப்பதற்குப் புற்றுநோய் மாதிரித்தான் இருக்கிறது, சதையைக் கிள்ளி அனுப்பியிருக்கிறேன், முடிவு வரட்டும் என்றார். ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. அதில் ஒன்றும் தெளிவாக இல்லை. மேலாகக் கிள்ளியது போதவில்லை, ஆழமாக இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்கள். பத்து நாள் கழித்து நாள் குறித்தார்கள்.

அந்தப் பத்து நாளில் நான் வேண்டாத வேண்டுதல் இல்லை. பழனிக்கு மொட்டை, காவடி, பாதயாத்திரை, தங்கத்தில் வேல். யாழினி கல்யாணத்தைப் பார்க்கிற வரைக்கும் ஆயுசு கேட்டேன். அப்புறம் பேராசை என்று பட்டு, அவள் காலேஜ் போகிற வரைக்கும் என்று குறைத்தேன். காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது.

ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆபீஸிலிருந்து பாதியில் கிளம்பி நம் கோயிலுக்கு வந்தேன். சந்நிதியில் திரை போட்டிருந்தது. ஹாலில் ஒரு ஆள் இல்லை. திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். உடம்பில் தெம்பு இல்லை, சுவரில் சாய்ந்துகொண்டேன். வேண்டுவதற்குப் பட்டியல் எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முருகன் முகம்கூடத் தெரியவில்லை. அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு வாய்விட்டே சொன்னேன்.

"முருகா, உன் பேரைச் சொல்லி ஏமாத்திட்டேன். தப்புத்தான். வியாதி இல்லைன்னு சொல்லச் சொல்லல. வியாதி இருக்கட்டும். மருந்துள்ள வியாதியா கொடு. எவ்வளவு கசந்தாலும் குடிச்சுக்கறேன். எம் புள்ளகூட உக்காந்து ஒரு வாய் சோறு திங்கணும் சாமி."

மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை, கனவும் வரவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனேன். நடந்ததை நடந்தபடிதான் எழுதுகிறேன்.

இரண்டாவது தடவை போனபோது மறுபடியும் அதே படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று நீளமாகப் போகும். நடுவில் ஒரு கேள்வி. காசநோய் இருந்ததா, அல்லது எப்போதாவது காசநோய்ப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்ததா? முதல் தடவை நான் யோசிக்காமல் "இல்லை" என்று டிக் அடித்திருந்தேன்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு இது சொந்தக் கதையாகவும் இருக்கும். கிரீன் கார்டுக்காக மெடிக்கல் பரிசோதனை செய்தபோது ரத்தத்தில் எனக்கு டி.பி. பாசிட்டிவ் வந்தது. எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தம். கிருமி உள்ளே தூங்குகிறது, எழுந்திருக்காமல் இருக்க நாலு மாதம் மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் அந்த டாக்டர். நானும் ஆரம்பித்தேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, பயந்துவிட்டேன். அந்த வாரமே, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் பேச்சு வந்தது. "அட, நமக்கெல்லாம் சின்ன வயசுல டி.பி. வராம இருக்க பி.சி.ஜி. ஊசி போட்டிருக்காங்கல்ல, அதனால எல்லாருக்கும் பாசிட்டிவ்தான் வரும். இவங்களுக்கு அது தெரியாது" என்று ஒருவர் சொன்னார். சுற்றி இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இந்த ரத்தப் பரிசோதனையை அந்த ஊசி பாதிக்காது என்று டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொல்லியிருந்தார். டாக்டர் சொன்னதை விட கையில் தட்டு வைத்துக்கொண்டு சொன்னவர் பேச்சு இனித்தது. மூன்றே வாரத்தில் மாத்திரையை நிறுத்தினேன். அதற்கப்புறம் எங்கே கேட்டாலும் இல்லை என்றுதான் எழுதுவேன். எழுதி எழுதி எனக்கே அது உண்மையாகிவிட்டது.

அன்றும் என் பேனா "இல்லை" பக்கம்தான் போனது. அப்போது யாழினியின் முகம் வந்தது. நோ மோர் லைஸ். விபூதித் தட்டைத் தொட்ட கை இது. "ஆம்" என்று டிக் அடித்தேன். பக்கத்தில், மாத்திரையைப் பாதியில் நிறுத்தினேன் என்றும் எழுதினேன். எழுதும்போது இந்த வியாதிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றக்கூட இல்லை.

நர்ஸ் படிவத்தை வாங்கிப் படித்தாள். நின்றாள். உள்ளே போனாள். டாக்டரே வெளியே வந்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். பி.சி.ஜி. என்று இழுத்தேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "என் அம்மாவும் இதையேதான் சொல்வார்" என்றார். பிறகு, இது தெரிந்திருந்தால் தேடுகிற விதமே வேறு, இன்று எடுக்கிற சதையில் ஒரு பங்கை டி.பி. பரிசோதனைக்குத் தனியாக அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள். காலை பதினொரு மணி இருக்கும். வீட்டில் நான் மட்டும்தான். டாக்டர் போன் பண்ணினார். "இது புற்றுநோய் இல்லை. உணவுக்குழாயில் காசநோய். கிருமி கிடைத்துவிட்டது" என்றார்.

நான் தேங்க் யூ என்றேன். மறுபடியும் தேங்க் யூ என்றேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நான் சொன்னது புரிந்ததா? டி.பி. என்று சொன்னேன்" என்றார். "புரிந்தது டாக்டர். மருந்து இருக்கிறதா?" என்று கேட்டேன். "இருக்கிறது. ஒன்பது மாதம் போல ஆகும். பெரும்பாலும் முழுக்கக் குணமாகிவிடும்" என்றார். போனை வைத்துவிட்டு பூஜை அலமாரி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். டி.பி. வந்ததற்காகச் சாமிக்கு நன்றி சொன்ன பைத்தியம் இந்தக் கலிபோர்னியாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நெஞ்சுக்குள் உணவுக்குழாயை ஒட்டியிருக்கும் நெறிக்கட்டிகளில் கிருமி இத்தனை வருஷம் தூங்கி, எழுந்து, குழாயை அரித்திருக்கிறது. சளியையும் பரிசோதித்தார்கள், நுரையீரல் சுத்தம். என்னால் யாருக்கும் தொற்றாது என்றார்கள். தங்கவேலுக்கும் யாழினிக்கும் பரிசோதித்தார்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

"வெளியில அல்சர்னு சொல்லிக்கலாம் புள்ள" என்றார் தங்கவேல். அவர் எனக்காகத்தான் சொன்னார். ஆனால் ஒரு பொய்யைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொள்ள என்னால் முடியாது என்றேன். நம் வாட்ஸாப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். விரதம் பொய் என்பதையும் சேர்த்து. பதிலுக்குக் கும்பிடும் கை படங்களாக வந்தன. ஒரு குடும்பம் யாழினியைத் தங்கள் காரில் ஏற்றுவதை நிறுத்தியது. வருத்தம்தான். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியும் என்பதால் கோபம் வரவில்லை. மீனா ஆன்ட்டி மட்டும் மறுநாளே துணியில் வடிகட்டிய ரசத்தோடு வந்து நின்றார்.

"டி.பி.ன்னா என்னம்மா, மாத்திரை இருக்கு, போயிடும். இத்தனை மாசம் விரதம் விரதம்னு என் காதுல பூ சுத்தினியே, அதுக்குத்தான் எனக்குக் கோவம்" என்றார். கோபத்தோடே பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பூனால் ஊட்டிவிட்டார்.

இனிமேல்தான் வேடிக்கை. வியாதி, விழுங்க முடியாத வியாதி. மருந்தோ, விழுங்குகிற மருந்து. தினம் ஒரு கைப்பிடி மாத்திரை, ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. கவுன்டி என்கிற எங்கள் மாவட்டத்தின் சுகாதாரத் துறையிலிருந்து மரிசெல் என்று ஒரு பிலிப்பினோ நர்ஸ் வந்தார். நான் மாத்திரை சாப்பிடுவதைத் தினமும் காலையில் வீடியோவில் பார்ப்பது அவர் வேலை. சாப்பிட்டபின் வாயைத் திறந்து காட்ட வேண்டும். பொய் சொல்லிப் பழகியவளுக்குச் சரியான ஆளைத்தான் முருகன் அனுப்பினான்.

முழு மாத்திரை இறங்காது என்று தெரிந்ததும், எதை எதைப் பொடிக்கலாம், எப்படி ஆப்பிள் கூழில் கலக்கலாம் என்று டாக்டரைக் கேட்டு மரிசெல்தான் சொல்லிக்கொடுத்தார். ஏலக்காய் தட்டுகிற சின்ன உரலில் தங்கவேல் தினம் காலையில் இடித்துக் கொடுப்பார். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. துளித்துளியாக நக்கி விழுங்க முக்கால் மணி நேரம் ஆகும். மரிசெல் அவசரப்படுத்தியதே இல்லை. என் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து ஒரு நாள் அது யார் என்று கேட்டார். முருகன் என்றேன். அதிலிருந்து தினமும், "குட் மார்னிங் பூங்கொடி, குட் மார்னிங் முருகன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. எடை இன்னும் குறைந்தது. அடுத்த தடவை வரும்போதும் இப்படியே இருந்தால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வழியாகத்தான் உணவு என்றார் டாக்டர். நொறுங்கிப்போனேன். மருந்துள்ள வியாதியைக் கேட்டேனே, அந்த மருந்து எனக்கு வேலை செய்ய வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டேனே என்று அழுதேன். பொங்கலன்று தங்கவேல் பொங்கலே வேண்டாம் என்றார். நான்தான் வைக்கச் சொன்னேன். அவர்கள் சாப்பிட நான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழினி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் அங்கே தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பட்டினியை விடப் பெரிய வலியாக இருந்தது. ஊரில் அம்மா போனில் கேட்டார், "ஏஞ்சாமி, இன்னைக்காவது ரெண்டு வாய் போச்சா?" பொய் சொல்லக் கூடாதே. "இல்லைம்மா" என்றேன்.

தை மாதக் கடைசி. ஒரு வியாழக்கிழமை. வழக்கம்போல மாத்திரைக் கூழை முடித்து வாயைத் திறந்து காட்டினேன். மரிசெல் திரையில் மணியைப் பார்த்தார். "இன்று ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்றார். அப்போதுதான் கவனித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நான் துளித்துளியாக நக்கவில்லை. ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கியிருக்கிறேன். எனக்கே தெரியாமல்.

சோற்றைக் குழைய வேகவைத்துத் தயிர் விட்டு மசித்தேன். ஒரு வாய் வைத்தேன். மென்றேன். விழுங்கினேன். அந்த இடத்தில் போய் நிற்கும் என்று மார்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். நிற்கவில்லை. உரசிக்கொண்டு, வலித்துக்கொண்டு, போனது. போயே போய்விட்டது. வயிற்றில் போய் விழுந்தது எனக்குத் தெரிந்தது. முருகா என்று கத்தினேன். மாடியில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்த தங்கவேல் படிகளில் விழுந்தடித்து ஓடிவந்தார். "போயிருச்சுங்க மாமா" என்றேன். அவர் குழந்தை மாதிரி அழுதார்.

குழாய் போடவில்லை. எடை ஏறியது. இட்லி வந்தது, சோறு வந்தது, சித்திரையில் முறுக்கே வந்தது. மாத்திரையை இந்தத் தடவை ஒரு வேளைகூட விடவில்லை. ஆரஞ்சு நிறத்துக்குப் பயப்படவும் இல்லை. போன மாதம் மறுபடியும் குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்புதான். புரட்டாசியில் கடைசி மாத்திரை. மரிசெல் திரையில் கைதட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்பர்களே, நம்மில் யாராவது ஒருவர் இப்போது எதையோ மறைத்துக்கொண்டு இந்தக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம். விரதத்துக்குப் பின்னால், வேலைக்குப் பின்னால், சிரிப்புக்குப் பின்னால். உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். முருகனிடம் இருக்கிறபடி போய் நில்லுங்கள். டாக்டரிடமும் இருக்கிறபடி சொல்லுங்கள். டி.பி. பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் விருந்தில் விசாரிக்காதீர்கள், மாத்திரையை முழுசாகச் சாப்பிடுங்கள். ஓர் உண்மையைச் சொல்ல வைத்துத்தான் என் வேண்டுதலுக்கு அவன் பதில் கொடுத்தான். வேறு விதமாக இதை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

கடைசி மாத்திரை சாப்பிட்ட அன்று சாயங்காலம் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். நான் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டேன். யாழினி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐ ஆஸ்க்டு ஹிம் டூ" என்றாள்.

அவள் சாமி கும்பிட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போது என்று கேட்டேன். திருக்கல்யாணத்தன்று, என்னைப் பாத்ரூமிலிருந்து கூட்டிக்கொண்டு வரும் வழியில், சந்நிதியைத் தாண்டும்போதாம்.

"என்ன கண்ணு வேண்டுனே?"

அப்பளத்தை உடைத்துக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, என் மகள் முதல் முறையாக முழுசாகத் தமிழில் சொன்னாள்.

"எங்க அம்மா நெறைய பொய் சொல்லுவாங்க. ஆனா எனக்கு அவங்கதான் வேணும்."